மாநாட்டுக்குப் போன கண்கள்

கண் டாக்டர்களுக்கு ஒரு சர்வதேச மாநாடு, நடத்தித் தர முடியுமா என்று டாக்டர் லிஸ்தியா கேட்டபோது நான் யோசிக்காமல் சரி என்றேன். கல்யாணங்கள் எனக்கு அலுத்துப் போயிருந்தன. எங்கள் ஊரான சோலோவில் எந்தக் கல்யாணத்தை எடுத்து நடத்தினாலும், மேடையில் ஒரு பூ வாடியிருந்தால்கூட மாப்பிள்ளையின் அத்தை என்னிடம்தான் சண்டைக்கு வருவாள். படித்த டாக்டர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பினேன். வேலையில் இறங்கிய பிறகுதான் அத்தைகள் எவ்வளவோ தேவலை என்று புரிந்தது. ஒரு பேராசிரியர் தன் அறை ஜன்னல் கிழக்கே பார்க்கக் கூடாது என்று மூன்று முறை எழுதினார். இன்னொருவர் தன் மனைவிக்கு முட்டை ஆகாது, ஆனால் கேக் ஆகும் என்றார். விசா வராதவர்கள், வந்த விசாவில் பெயர் தப்பானவர்கள், தொழுகை அறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள், தங்கள் பேச்சுக்கு இன்னும் கால் மணி நேரம் வேண்டும் என்றவர்கள். எல்லாருக்கும் பதில் எழுதியே என் கண் மங்கிவிட்டது.

டாக்டர் லிஸ்தியா இதில் எதற்கும் அசையவில்லை. சின்ன உருவம், ஓய்வு பெறும் வயது, தணிந்த குரல். அறுவை அரங்கில் இருப்பவரைப் போலவே எங்கும் பேசுவார். கையை நீட்டினால் கத்தரிக்கோல் வந்துவிட வேண்டும்.

"ஜெங் பலுபி, பேச்சை விடுங்க. பேச்சு எங்க வேணா கேட்டுக்கலாம். ரெண்டாம் நாள் காலையில என் பிள்ளைங்க உக்காந்து கை பழகணும். அது நடந்தா மாநாடு நடந்த மாதிரி" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக 'ஜெங்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் பிள்ளைகள் என்றது வெளிநாடுகளிலிருந்து வரும் இளம் டாக்டர்களை. கம்போடியா, லாவோஸ், நேபாளம், வங்கதேசம், கிழக்குத் தீமோர் என்று பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பெரிய மெஷின் இல்லாமல், சின்னத் துளை போட்டுக் கண்புரையை வெளியே எடுக்கும் முறையை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்காக ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கெஞ்சி மைக்ரோஸ்கோப்புகளை இரவல் வாங்கியிருந்தோம்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"ஜெங், கண்ணு வரலையாம்."

எந்தக் கண் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. பயிற்சிக்கு ஆட்டுக்கண் வேண்டும் என்று ஊருக்கு வெளியே ஒரு பெரிய அறுப்புக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து மாவட்டத்தில் ஆடுகளுக்குக் கோமாரி என்று செய்தி வந்ததும் ஆட்டுச் சந்தையை மூடிவிட்டார்கள். அறுப்புக்கூடமும் மூடிவிட்டது.

"பன்றிக் கண்ணு கிடைக்குமே டாக்டர்? மத்த நாட்டுல அதுலதான பழகுறாங்க?"

"முதல் கூட்டத்துலயே முடிவு பண்ணினோம் ஜெங். வங்கதேசத்துப் பிள்ளை, மலேசியாப் பிள்ளை, நம்ம நர்ஸுங்க, எல்லாரும் அந்த மேஜையில கை வைக்கணும். தயங்குற கையில கத்தியைக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

"பிளாஸ்டிக் கண்ணு ஆர்டர் பண்ணமே?"

"சுங்கத்துல கிடக்கு. வந்தாலும் ஆளுக்கு ஒண்ணுதான் தேறும்." மேலும் சொன்னார். "தீமோர்லருந்து ஒலிந்தான்னு ஒரு பொண்ணு வர்றா. கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு, ரெண்டு விமானம் மாறி வர்றா. அவ நம்ம பையும் பேனாவும் வாங்கிட்டுப் போகவா வர்றா?"

போனை வைத்த பிறகு என் காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். சந்தை மூடினாலும் ஊருக்குள் வீடுகளில் கட்டி வளர்க்கும் ஆடுகள் தினமும் அறுபடத்தான் செய்தன. அறுபட்ட ஆட்டின் தலை எங்கே போகும் என்று சோலோவில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெங்க்லெங் கடைக்குத்தான் போகும். எலும்பும் தலையும் மசாலாத் தண்ணீரில் கொதித்து, கையால் எடுத்து உறிஞ்சிச் சாப்பிடுவது. தலையில் நாக்குக்கு ஒரு கூட்டம் உண்டு, மூளைக்கு ஒரு கூட்டம் உண்டு. கண்ணுக்கு அடிதடியே நடக்கும்.

ஊரின் தலைகள் எல்லாம் முதலில் போய்ச் சேருவது இபு துமினியின், அதாவது துமினி அம்மாவின், முற்றத்துக்கு. அங்கேதான் வைக்கோல் தீயில் வாட்டி, சுரண்டிக் கழுவி, மற்ற கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சந்தையின் பின்பக்கத்தில் அவருக்கே ஒரு கடையும் உண்டு. நான் போனபோது பெரிய பானைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். அகலமான பெண்மணி, வெற்றிலைச் சிவப்பு வாய். எதிரே நல்ல வரிசை.

"எனக்குக் கண்ணு வேணும் இபு" என்றேன்.

"கண்ணு வேணும்னா சீக்கிரம் வரணும். ஒரு ஜோடிதான் இருக்கு, அது பாக் ருஸ்திக்கு."

"இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம். நூறு, நூத்தம்பது கிடைச்சா நல்லது."

கரண்டி நின்றது. "கல்யாணமா?"

"மாநாடு. கண் டாக்டருங்க வர்றாங்க."

"கண் டாக்டருக்குக் கண்ணா? ருசி தெரிஞ்சவங்கதான்."

"சாப்பிட இல்ல இபு. ஆபரேஷன் பண்ண."

"ஆட்டுக்கா?"

"ஆட்டோட கண்ணுல."

"ஆடு எங்க?"

"ஆடு... செத்துடுச்சு இபு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "செத்த ஆட்டுக்குப் பார்வை வந்து அது எந்தப் புல்லைத் தேடப்போகுது?" என்று இபு துமினி கேட்டார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பாக் ருஸ்தி, அதாவது ருஸ்தி ஐயா, அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"துமினி, என் கண்ணுல மட்டும் யாராவது கை வச்சாங்க, நடக்கிறதே வேற" என்றார்.

பயிற்சி என்றால் என்ன என்று நான் விளக்கிப் பார்த்தேன். வழக்கமான விலைக்கு மேலே தருவதாகச் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது.

"காசை உள்ள வை ஜெங். இவர் இருக்காரே, பொண்டாட்டி போனதுலருந்து தினம் வர்றார். இவருக்கு நான் காசைப் பொரிச்சா போடுவேன்? கண்ணு இல்லாத தலையைக் குடுத்தா மத்த கடைக்காரங்க என் மூஞ்சியில எறிவாங்க. போ, போய் உக்காந்து ஒரு தட்டு சாப்பிட்டுட்டுப் போ. வெயில்ல வந்திருக்க."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டியில் ஏறும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயினால் என்று டிரைவரிடம் சொன்னேன்.

டாக்டர் லிஸ்தியாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அன்று பிற்பகல் தானே வருவதாகச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை முடிந்துவிட்டது. பானைகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சம் ஏதாவது இருக்கா இபு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். அடியில் கிடந்த எலும்புகளும் கொஞ்சம் ரசமும் வந்தன. டாக்டர் ஸ்பூனைத் தொடவில்லை. கையாலேயே எடுத்து, ஓர் இணுக்கு விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார். இபு துமினி அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்தக் கண் டாக்டரா?"

"ஆமா."

"ஏன், பொம்மையில பழகக் கூடாதா?"

"பழகலாம் இபு. ஆனா நெசக் கண்ணுல கத்தி இறங்குறப்ப கைக்கு ஒரு சேதி வரும். இதுக்கு மேல போகாதேன்னு சொல்லும். பொம்மை அதைச் சொல்லாது."

"நீங்க எதுல பழகினீங்க?"

டாக்டர் எலும்பைத் தட்டில் வைத்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவித் துடைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"மனுஷன் கண்ணுலதான். அப்ப எங்களுக்கு வேற வழி கிடையாது. கரும்புத் தோட்டத்துல வேலை பாக்கிற ஒருத்தர், என்னை நம்பிப் படுத்திருந்தார். என் கை நடுங்குச்சு. பெரிய டாக்டர் பேசாம என் கையிலருந்து கத்தியை வாங்கிக்கிட்டார். மிச்சத்தை அவர்தான் செஞ்சார். கண்ணு பிழைச்சது."

"அப்புறம் என்ன? நல்லதுதான?"

"கட்டு அவிழ்த்த அன்னைக்கு அந்த மனுஷர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான்தான் செஞ்சேன்னு நினைச்சுட்டார். ஊருக்குப் போயி ஒரு கோழியைத் தூக்கிட்டு வந்தார். எனக்கு உண்மையைச் சொல்லவும் வாய் வரல, வேணாம்னு சொல்லவும் தெரியல. அந்த நன்றி என்னோடது இல்ல இபு. அதுக்கப்புறம் எத்தனையோ ஆயிரம் பேர் கும்பிட்டாச்சு. இன்னும் அந்த ஒண்ணு உறுத்துது. இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. அவங்க வாங்குற நன்றி அவங்களோடதா இருக்கணும்."

கழுவிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். இபு துமினி வெற்றிலையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கினார்.

"கோழியை என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டேன். அழுதுக்கிட்டே சாப்பிட்டேன்."

இபு துமினி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் லிஸ்தியாவும் சிரித்தார். அவர் வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரு நாள் தர்றேன்" என்றார் இபு துமினி. "ஒரே நாள். ஆனா நான் வந்து பாப்பேன். என் தலையோட கண்ணு எங்க போகுது, என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியணும்."

"வாங்க. வந்தே ஆகணும்" என்றார் டாக்டர்.

அடுத்து நடந்தது எதையும் நான் நடத்தவில்லை. இபு துமினியே ஒவ்வொரு கடையாகப் போனார். முடியாது என்றவர்களோடு சண்டை போட்டார். "உன் மாமியா கண்ணு தெரியாம சுவத்துல முட்டிக்கிட்டாளே, அப்ப எங்கடா போன?" என்று ஒரு கடைக்காரரை நடுத்தெருவில் வைத்துக் கேட்டார் என்று கேள்விப்பட்டேன். தன் கடையில் ஓர் அட்டையில் கரியால் எழுதித் தொங்கவிட்டார். 'செவ்வாய்க்கிழமை தலைக்குக் கண் கிடையாது. கண்கள் மாநாட்டுக்குப் போகின்றன.' அந்த அட்டையைப் படம் பிடித்து யாரோ ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். கல்யாண வேலையில் எனக்குத் தெரிந்த சமையல்காரர்கள்கூடப் போன் செய்து விசாரித்தார்கள்.

மாநாட்டின் இரண்டாம் நாள், செவ்வாய் விடியற்காலையில், வாட்டுவதற்குத் தீ மூட்டும் முன்பே, டாக்டரின் மாணவர்கள் நாலைந்து பேர் இபு துமினியின் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். தலைகள் கூடைகளில் வந்து இறங்க இறங்க, சின்ன வளைந்த கத்தரிக்கோலால் கண்களை நுங்கு எடுப்பதுபோலச் சேதமில்லாமல் எடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டு, ஐஸ்பெட்டியில் வைத்தார்கள். முற்றத்துப் பெண்கள் சுற்றி நின்று, அது ஓட்டை, இது நல்லது என்று தரம் பிரித்துச் சொன்னார்கள். வெளுத்த முகத்தோடு ஓரமாக நின்ற ஒரு மாணவனை ஒரு பெண் முதுகில் தட்டி, "தம்பி, ஒரு வாய் இஞ்சித் தண்ணி குடிச்சுட்டு வா, கண்ணு எங்கயும் ஓடாது" என்றாள்.

ஆனால் எண்ணிப் பார்த்தால் போதவில்லை. கோமாரி பயத்தில் அன்று அறுப்பே குறைவு. இதற்கு மேல் யாரைக் கேட்பது என்று நான் ஹோட்டலின் பின்வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவரை எனக்குத் தெரியாது. கைப்பிடியில் ஒரு எனாமல் பாத்திரம் தொங்கியது.

"மாநாட்டுக்குக் கண்ணு இங்கதான குடுக்கணும்?"

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் ரிக்‌ஷாவில் ஒரு அம்மாள், மடியில் ஈயப் பாத்திரம். ஆட்டுக்கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு சாத்தே போடுகிறவர்கள், வீட்டுப் பிறந்தநாளுக்கு ஆடு அறுத்தவர்கள், முதலில் முடியாது என்று சண்டை போட்ட அந்தக் கடைக்காரரும்கூட. ஒவ்வொருவரும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் திரும்பினார்கள். மூடியில் வீட்டுக்காரர் பெயர் பெயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் யார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் தொழிலில் அந்த வார்த்தையை மைக்கில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஒரே ஒருவர் மட்டும், ரொம்பத் தொலைவிலிருந்து சைக்கிளில் வந்தவர், மூடியைத் திறந்து காட்டிப் பெருமையாகச் சொன்னார். "கெட்டுடக் கூடாதுன்னு வேகவச்சே கொண்டுவந்துட்டேன். உப்பு, மஞ்சள் எல்லாம் சரியா இருக்கு."

நான் டாக்டர் லிஸ்தியாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றி பாக். இது எனக்கே எனக்கு" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அதைத்தான் சாப்பிட்டார்.

பயிற்சிக்கூடத்தில் மேஜைக்கு மேஜை மைக்ரோஸ்கோப். ஒவ்வொன்றின் கீழும் தெர்மக்கோல் முகம், அதில் குழி வெட்டி ஆட்டுக்கண்ணைப் பொருத்தியிருந்தோம். டாக்டர் லிஸ்தியா மேஜை மேஜையாகப் போய், பேசாமல், கையைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். இடையில் வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இபு துமினி வந்திருந்தார். நல்ல கெபாயாச் சட்டை, தலையில் கொண்டை, இடுப்பில் பழைய பாத்திக் துணி, கையில் ஒரு தூக்குவாளி. வாளிக்குள் என்ன என்று காவலாளி கேட்க, "கண்ணு" என்று இவர் சொல்ல, அவன் மிரண்டுபோய் வழியை மறித்திருந்தான்.

தீமோரிலிருந்து கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்து வந்தேன். மருந்து வாசனையில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. மெதுவாக ஒவ்வொரு மேஜையையும் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசி மேஜையில் நின்றார். அங்கே ஒல்லியான ஒரு பெண் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டையில் ஒலிந்தா என்றிருந்தது. அவளுக்குக் கொடுத்த கண்கள் எல்லாம் கிழிந்து கிடந்தன. மற்ற மேஜைகளிலும் மிச்சமில்லை.

"ஏன் அழற?" என்றார் இபு துமினி.

ஒலிந்தாவுக்கு எங்கள் மொழி தெரிந்திருந்தது. சின்ன வயதில் எங்கள் டிவி நாடகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். அதனால் நாடகத்தில் மருமகள் பேசுவதைப் போலவே பேசினாள்.

"எல்லாம் கிழிஞ்சுடுச்சு இபு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கிட்ட வந்தேன். இன்னும் ஒண்ணு இருந்தா வந்துடும்னு தோணுது. ஆனா தீந்துபோச்சு." பிறகு கெபாயாவையும் வாளியையும் பார்த்தாள். "நீங்கதான் அந்த இபுவா? இதெல்லாம் உங்க ஆடா?"

"ஆடு என்னோடது இல்ல. தலை என்னோடது."

ஒலிந்தாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. இபு துமினி வாளியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஐஸுக்கு நடுவில் ஒரு ஜோடி.

"தினம் வர்ற மனுஷர் ஒருத்தர் இருக்கார், அவருக்குன்னு எடுத்து வச்சது. வெறும் ரசத்தோட அனுப்ப மனசு வரல. பரவால்ல. கிழவர் இன்னிக்கு நாக்கைச் சாப்பிடட்டும். எடுத்துக்க."

"வேணாம் இபு, அவர் கோச்சுக்குவார்..."

"கோச்சுக்கிட்டா எனக்குத்தான திட்டு. உனக்கு என்ன? உக்காரு. மூக்கைத் துடை. எனக்கு முதல்ல காட்டு, இதுக்குள்ள என்னதான் பாக்குறீங்க எல்லாரும்."

ஒலிந்தா ஒரு கண்ணைப் பொருத்தி, விளக்கைச் சரிசெய்து நகர்ந்துகொண்டாள். இபு துமினி குனிந்து இரண்டு குழலிலும் கண்ணை வைத்தார். நிமிரவே இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து நான் கிட்டே போனேன்.

"ஜெங்" என்றார், தலையை எடுக்காமல். "உள்ள நீலமா மின்னுது. மயில் கழுத்து மாதிரி. இத்தனை வருஷமா வித்துக்கிட்டிருக்கேன், இப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாதே."

பிறகு ஒலிந்தா உட்கார்ந்தாள். டாக்டர் லிஸ்தியா சத்தமில்லாமல் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒலிந்தாவின் கத்தி இறங்கியது, நின்றது, பக்கவாட்டில் நகர்ந்தது. முதல் கண்ணில் வில்லை முக்கால்வாசி வந்து ஓரத்தில் கிழிந்தது. அவள் அழவில்லை. அடுத்ததை எடுத்துப் பொருத்தினாள். இந்தத் தடவை டாக்டர் கையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணுக்குள்ளிருந்த வில்லை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வழுக்கி வந்து விழுந்தது. ஆட்டின் வில்லை மனிதனுடையதைவிடப் பெரியது. ஜவ்வரிசி ஊறி உப்பினது போல இருந்தது.

டாக்டர் லிஸ்தியா, "ம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

ஒலிந்தா எழுந்து கையுறையைக் கழற்றினாள். இபு துமினியின் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அங்கேயே அப்படியே நின்றாள்.

"ஏய், ஏய், என்ன இது? நான் என்ன பண்ணேன்? ஆட்டுக்குச் சொல்லு" என்று இபு துமினி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அப்புறம் இடது கையால் அந்தப் பெண்ணின் தலையைத் தடவினார். "குழந்தைக்கு எத்தனை மாசம்?"

மாநாட்டின் கடைசி நாள் மதியச் சாப்பாடு ஹோட்டலில் ஏற்பாடாகியிருந்தது. டாக்டர் லிஸ்தியா அதை மாற்றச் சொன்னார். ஹோட்டல் மேலாளர் என்னைப் பார்த்த பார்வை மாப்பிள்ளையின் அத்தைகளையெல்லாம் மிஞ்சியது. ஆனாலும் பஸ்களை ஏற்பாடு செய்து எல்லாரையும் சந்தையின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனோம். கிழக்கு ஜன்னல் ஆகாத பேராசிரியர் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினார். பெஞ்சில் தன் வழக்கமான இடத்தை விடாமல் பிடித்திருந்த பாக் ருஸ்தி, எதிரே வந்து உட்கார்ந்த ஒலிந்தாவை உற்றுப் பார்த்தார்.

"என் கண்ணு உன்கிட்டதான் வந்துச்சாமே?"

"ஆமா பாக். மன்னிச்சுக்குங்க."

"நல்லா வந்துச்சா?"

"ஒண்ணு கிழிஞ்சுடுச்சு. இன்னொண்ணு ரொம்ப நல்லா வந்துச்சு."

கிழவர் தன் தட்டிலிருந்த கண்ணை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "அப்ப இதையும் நீயே சாப்பிடு. ருசி தெரிஞ்சாதான் மரியாதை வரும்."

அவள் சாப்பிட்டாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு என் அலுவலகத்தில் ஒரு மூலை முழுக்க எனாமல் பாத்திரங்கள் நின்றன. கழுவிக் கவிழ்த்திருந்தோம். வெறும் பாத்திரத்தை யாருக்கும் திருப்பித் தர முடியாது. டாக்டர்கள் விட்டுப்போன பரிசுகளை டாக்டர் லிஸ்தியா தன் வீட்டிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்தார். தீமோர்க் காப்பிக்கொட்டை, நேபாளத் தேயிலை, வங்கதேசத்து இனிப்பு, கம்போடியாவின் மிளகு. இருவரும் தரையில் உட்கார்ந்து பாத்திரம் பாத்திரமாக நிரப்பினோம். பிறகு அவர் காரிலேயே தெருத் தெருவாகப் போனோம்.

எந்த வீட்டிலும் எங்களைக் கண்டதும் யாரும் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்கள், பரீட்சை எழுதின சொந்தப் பிள்ளைகளை விசாரிப்பதைப் போல.

"பிள்ளைங்கல்லாம் பாஸா டாக்டர்?"

"பாஸ்" என்று டாக்டர் லிஸ்தியா ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. எந்த ஊர்ப் பிள்ளை, கை எப்படி, யார் நடுங்கினான், யார் கடைசியில் தேறினாள் என்று நின்று நின்று சொன்னார். அவர்களும் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்கள். அப்படியே அந்தி வரைக்கும் ஆகிவிட்டது. இன்னும் பாதிப் பாத்திரங்கள் பின்சீட்டில் இருந்தன.

"மிச்சத்தை நாளைக்குக் குடுத்துக்கலாமா டாக்டர்?" என்றேன்.

"வேணாம் ஜெங். அவங்களும் காத்துட்டிருப்பாங்க" என்று சொல்லி, அவர் அடுத்த தெருவுக்குக் காரைத் திருப்பினார்.